ஸ்டாட்லர் வீட்டுப் புல்வெளியில் நீதிபதியின் பெயர்

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், நீதிபதி ஆக ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு பன்றி வாங்க வேண்டும். ஆகஸ்ட் மாதச் சந்தையில் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த பன்றிகளை ஏலம் விடுவார்கள். வேட்பாளர் கையைத் தூக்கி, வேறு யாரும் கேட்காத விலைக்கு ஒன்றை எடுத்து, பிள்ளைக்கும் பன்றிக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்வலத்தில் திறந்த காரில் உட்கார்ந்து கையசைக்க வேண்டும். தன் பெயர் அச்சிட்ட நகம் தேய்க்கும் அட்டைகளைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். சட்டம் தெரியுமா என்று கேட்பாரில்லை. எந்த வழக்கில் என்ன தீர்ப்புச் சொல்வேன் என்று அவரும் வாய் திறக்கக் கூடாது. போலீஸ் தலைமையான ஷெரீஃப் பதவிக்கு நிற்பவர் எதை வேண்டுமானாலும் அளந்துவிடலாம். நீதிபதிக்கு நிற்பவர் ‘நான் நியாயமானவன்’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. அதனால்தான் பன்றி.

அதனால்தான் புல்வெளிப் பலகைகளும். வாக்குச்சீட்டின் அடியில், கட்சிப் பெயர்கூட இல்லாமல், இரண்டு பெயர் மட்டும் இருக்கும். எந்தப் பெயரை வாசல்தோறும் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கிறதோ அதற்கு நேரே உள்ள வட்டத்தில் பேனா மையை வைத்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு வருடத்துக்கு ஒரு முறை ஓஹையோ நதிக்கரையில் உள்ள எங்கள் ஊர் இப்படித்தான் ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறது. குழந்தைகள் வழக்கு, உயில் வழக்கு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான்.

லூரீன் ஸ்டாட்லர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பருத்த தோள், சிறிய முகம், ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத கால்கள். சமையல்கட்டில் காபி குடித்தாலும் நடந்துகொண்டேதான் குடிப்பாள். ஆற்றுச் சாலை நெடுக யார் வீட்டு வாசலில் எந்தப் பலகை நிற்கிறது என்று அவளைக் கேட்டால் போதும், தேர்தல் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

ஜூன் மாதம் பெக்கி ஓட்டிங்கர் ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வக்கீல். லூரீனோடு ஒரே வகுப்பில் படித்தவள். இருபது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி ஆல்வின் ப்ரூபேக்கரை எதிர்த்து நிற்கிறாள்.

“லூ, உன் வாசல்ல என் பேரு நின்னா பாதி ஊரு பாத்துடும்டி. பிள்ளைங்கள நம்பி உன்கிட்ட அனுப்புறவங்க எல்லாம் ‘ஓ, லூரீன் சொன்னா சரிதான்’னு போட்டுடுவாங்க.”

“வச்சுக்கோ, நான் என்ன வேலிய அடைச்சா வச்சிருக்கேன்?” என்றாள் லூரீன். பலகை நின்றது. அதை அவள் மறந்தும் போனாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய தங்கை ராண்டாவைப் போதை மாத்திரை வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். ராண்டாவின் மகள் டெசாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பன் எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. குழந்தைகள் நல அலுவலகத்து அம்மாள் டெசாவை அடுத்த கவுண்டியில் ஒரு பண்ணை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். நல்லவர்கள்தான், ஆனால் அந்நியர்கள். லூரீனும் அவள் கணவன் ஹெர்ஷலும் குழந்தையைத் தங்களிடம் தரச் சொல்லி மனுப் போட்டார்கள். இவர்களுக்குப் பிள்ளையில்லை; டெசா பிறந்த நாளிலிருந்து பாதி நாள் இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். ஆனால் டெசாவின் அப்பனுடைய அக்கா, கொலம்பஸ் நகரத்துக்காரி, அவளும் ஒரு மனுப் போட்டாள். குழந்தையை அவள் பார்த்ததே இரண்டு கிறிஸ்துமஸுக்குத்தான். அக்டோபர் நடுவில் விசாரணை. நீதிபதி ப்ரூபேக்கர்.

அந்தப் பெயரைத் தாளில் பார்த்தபோதுதான் லூரீனுக்கு வாசல் ஞாபகம் வந்தது.

ப்ரூபேக்கரின் வீடு ஆற்றுச் சாலையில் மேலே இருக்கிறது. தினமும் காலையில் அவருடைய பழைய பச்சை நிற பிக்கப் வண்டி லூரீன் வீட்டைக் கடந்துதான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதாவது, தன்னைத் தோற்கடிக்க நிற்பவளின் பெயரை, தன்னிடம் குழந்தை கேட்டு வரப்போகிறவளின் புல்வெளியில், அவர் நாள் தவறாமல் படித்துக்கொண்டு போகிறார்.

“அந்தாளு அதையெல்லாம் பாக்க மாட்டார் லூ,” என்றான் ஹெர்ஷல். சரளைக்கல் குவாரியில் வேலை செய்கிறவன், எதற்கும் அவசரப்படாதவன்.

“பாக்காமயா? நானே ரோட்டுல போறப்ப எல்லாத்தையும் பாக்குறேன். தேர்தல்ல நிக்குறவர் பாக்க மாட்டாரா?”

“உனக்கு வேற வேலையில்ல. அவருக்கு இருக்கு.”

அவள் பலகையைப் பிடுங்கி லைலாக் புதருக்குப் பின்னால் நட்டாள். மறுநாள் பேருந்திலிருந்து பார்த்தாள், இன்னும் தெரிந்தது. இன்னும் உள்ளே தள்ளினாள். இப்போது ஒளித்து வைத்தது போலத் தெரிந்தது, அது அதைவிட மோசம். கடைசியில் கழற்றிக் காரேஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சாத்திவிட்டு, அன்றுதான் கொஞ்சம் தூங்கினாள்.

இரண்டாம் நாளே பெக்கி வந்து நின்றாள், புதுப் பலகையோடு.

“உன் வாசல்ல இருந்ததையும் திருடிட்டாங்களா லூ? எனக்குத் தெரியும் யாரு வேலைன்னு. ஊரெல்லாம் இதான் நடக்குது.”

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு வினாடி இருந்தது. லூரீன் அந்த வினாடியை விட்டுவிட்டாள். பெக்கி காலணியால் பலகையை மண்ணில் மிதித்து இறக்கினாள்.

“இந்தத் தடவ இன்னும் ஆழமா போட்டிருக்கேன். பிடுங்குறவன் முதுகு பிடிச்சுக்கட்டும்.”

முதுகு பிடித்துக்கொண்டது லூரீனுக்குத்தான். அன்று மாலையே பிடுங்கினாள். பெக்கி மறுபடி கொண்டுவந்தாள், லூரீன் மறுபடி பிடுங்கினாள். இந்தக் கூத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்னாள் படைவீரர் மன்றத்துக் கூட்டத்தில் பேச எழுந்தபோது பெக்கி, ஒரு பேருந்து ஓட்டும் பெண்ணின் வாசலில்கூட நீதிபதியின் ஆட்கள் பலகையை விட்டுவைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். ஊரில் பேருந்து ஓட்டும் பெண் வேறு யார் இருக்கிறார்கள்?

லூரீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்தைத் திருப்ப வேண்டிய முனையில் திருப்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் பிள்ளைகள் கத்திச் சிரித்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் டெசாவுக்காகத் தயார் செய்த அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள், மறுபடி சுவர்ப்பக்கம் நகர்த்தினாள். தன் வாசல் வழியாகத்தான் நீதிபதியின் ஆட்களுக்குத் திருடர் பட்டம் என்று எண்ணும்போதெல்லாம் அந்தக் கட்டில் காலியாகவே இருக்கப்போகிறது என்று தோன்றியது. நான் கேட்கிறேன், அந்த நேரத்தில் தன் வக்கீல் ஹென்ஷாவுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போடவில்லை. சிரிப்பார் என்று வெட்கம். நம் ஆட்களுக்கு உயிர் போனாலும் வக்கீல் முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது.

அக்டோபர் முதல் ஞாயிறு தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் காலை விருந்து. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அடுப்பில் ப்ரூபேக்கர் நின்று பான்கேக்கைத் தோசைபோலப் புரட்டிக்கொண்டிருந்தார். நெடிய உருவம், ஏப்ரன் முழங்கால்கூட எட்டவில்லை. அவரைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று லூரீன் தட்டோடு வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஜட்ஜ் ஐயா, நான் லூரீன் ஸ்டாட்லர். அந்தப் போர்டு விஷயம்…”

அவர் தட்டில் இரண்டு பான்கேக்கை வைத்தார். “சிரப் அந்தக் கடைசில இருக்குங்க,” என்றார். அடுத்தவரைப் பார்த்தார்.

அவ்வளவுதான். வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பிடம் தனியாகப் பேசக் கூடாது என்பது நீதிபதிகளுக்குக் கட்டாயம். காலை வணக்கம் சொல்வதற்குக்கூட அவர் யோசித்திருப்பார். லூரீனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, மேசையில் இருக்கிற அத்தனை பேரிடமும் சிரித்த மனிதர் தன்னிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதுதான். தட்டைத் தொடாமலே மேசையில் வைத்தாள்.

வாசலருகே ப்ரூபேக்கரின் ஆதரவாளர்கள் ஒரு மேசை போட்டு நகம் தேய்க்கும் அட்டைகளும் பலகைகளும் வைத்திருந்தார்கள். லூரீன் அங்கே போய், “இருக்குறதுல பெருசு எது?” என்று கேட்டாள்.

ஹெர்ஷல் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கி, அவள் பலகையை நடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு அகலம் இருந்தது அது.

“ஏன் லூ, கூரை மேல ஒண்ணு வைக்கலாமே? விமானத்துல போறவங்களும் பாப்பாங்க.”

“நீ சும்மா இரு.”

“பெக்கிக்கு என்ன சொல்லப்போற?”

“குழந்தை வந்ததும் சொல்லிக்கிறேன். அவ என்ன திட்டினாலும் டெசாவ மடியில வச்சுக்கிட்டு வாங்கிக்கிறேன்.”

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. ஹெர்ஷல் காரேஜுக்குப் போனான். சுத்தியலை எடுத்து வந்து பலகையின் காலை அவனே அடித்து இறக்கினான்.

விசாரணை நாள் காலை டெசாவுக்கான குழந்தை இருக்கையைக் காரின் பின்சீட்டில் மாட்டிவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். முந்தின சனிக்கிழமை பண்ணை வீட்டில் சந்திக்க அனுமதித்தபோது, “கோர்ட்டு முடிஞ்சதும் நேரா வீடுதான்,” என்று லூரீன் குழந்தையிடம் சொல்லியிருந்தாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

கொலம்பஸ்காரியின் வக்கீல் வாலிபன், வழவழவென்று வாரிய தலை. வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றான்.

“கனம் நீதிபதி அவர்களே, இன்னைக்குக் காலைல ஆத்து ரோடு வழியா வந்தேன். மிஸஸ் ஸ்டாட்லர் வீட்டு வாசல்ல உங்க பேரு பெருசா நிக்குது. என் கட்சிக்காரருக்கு அது சங்கடமா இருக்கு. நீங்க இந்தக் கேஸ விட்டு விலகணும்னு கேட்டுக்கிறேன்.”

லூரீனின் வக்கீல் ஹென்ஷா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள்.

ப்ரூபேக்கர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“மிஸஸ் ஸ்டாட்லர், இத்தனை வாரமா உங்க வாசல்ல வேற ஒருத்தங்க போர்டு இருந்துச்சு. நான் தினமும் பாத்துட்டுத்தான் போனேன். அது உங்க வாசல், உங்க இஷ்டம். அதுக்காக நான் இந்தக் கேஸ விடணும்னு எனக்குத் தோணல. ஏன்னா அதனால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப என் போர்டு நிக்குது. தேர்தலுக்கு மூணு வாரம் இருக்கு. இன்னைக்கு நான் உங்களுக்குச் சாதகமா சொன்னா, போர்டுக்குப் பிள்ளையக் கொடுத்தான்னு ஊரு சொல்லும். பாதகமா சொன்னா, அந்தப் பேச்சுக்குப் பயந்து சொன்னேனான்னு எனக்கே தெரியாது. நான் விலகிக்கிறேன்.”

வேறு நீதிபதியை மாநிலத் தலைநகரான கொலம்பஸிலிருந்து நியமித்து அனுப்புவார்கள். புது வருடம் பிறந்த பிறகு நாள் குறிப்பார்கள். அதுவரை குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டு அவர் எழுந்து போனார்.

தாழ்வாரத்தில் ஹென்ஷா பையைத் தரையில் வைத்தார்.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அவரு கோவமா இருக்காருன்னு நெனச்சேன்.”

“குழந்தைகள் ஆபீஸ் அறிக்கை முழுக்க உங்க பக்கம். அந்தம்மா டெசாவ உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு எழுதியிருக்கு. ஆபீஸே சொல்றப்ப எந்த ஜட்ஜும் சாதாரணமா மாத்திச் சொல்ல மாட்டாரு. இன்னைக்குச் சாயங்காலமே கூட்டிட்டுப் போயிருப்பீங்க.”

லூரீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் நடக்க மறுத்தன; அவளை அறிந்தவர்கள் யாரும் அப்படி ஒரு நிலையில் அவளைப் பார்த்ததில்லை. ஹெர்ஷல் தோளைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனான். பின்சீட்டில் குழந்தை இருக்கை காலியாக உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தாள். காரை விட்டு இறங்கிய கையோடு பெரிய பலகையைப் பிடுங்கி மடித்துக் குப்பையில் திணித்தாள். காரேஜிலிருந்த பெக்கியின் பலகைகளையும் அதோடு சேர்த்துத் திணித்தாள்.

செய்தி அவளுக்கு முன்பே ஊருக்குள் போயிருந்தது. அன்று மாலை பெக்கி வந்தாள். படியேறவில்லை, காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“நீயே எடுத்து எடுத்து வச்சியா லூ? நான் மன்றத்துல நின்னு அத்தனை பேரு முன்னால அவர் ஆளுங்களத் திருடன்னு சொன்னேன்.”

“டெசாவுக்காகத்தான் பெக்கி.”

“எனக்குப் புரியாதாடி? ‘போர்டு வேண்டாம், கேஸ் இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பிடுங்கிட்டுப் போயிருப்பேன்ல.”

பெக்கி ஏறிக் காரைக் கிளப்பினாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று இரண்டு பேர் ஒரே நாளில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை பண்ணை வீட்டுக்குப் போனபோது டெசா காலணி போட்டுக்கொண்டு, முதுகுப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மா, கோர்ட்டு முடிஞ்சுதா?”

“இன்னும் முடியலடா கண்ணு. வேற ஜட்ஜு வரணும்.”

“ஏன்? பழைய ஜட்ஜு என்னைத் தர மாட்டேன்னுட்டாரா?”

“இல்லம்மா. அவரு ஒண்ணும் சொல்லல. பெரியம்மா வாசல்ல தப்பான போர்டு வச்சிட்டேன். அதான்.”

டெசா யோசித்தாள். அழவில்லை. காலணியைக் கழற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். லூரீன் அந்த வீட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நவம்பரில் தேர்தல் வந்தது. பள்ளி ஜிம்முக்குள் தடுப்புகள் வைத்து வாக்குச்சாவடி. லூரீன் மேலேயிருந்து ஒவ்வொரு பெயராக மை வைத்துக்கொண்டே வந்தாள். அடியில் இரண்டு பெயர். அங்கே நின்றுவிட்டாள். பள்ளிக்காலத்துச் சிநேகிதி ஒரு பக்கம். தினமும் பார்த்தும் ஒன்றும் நினைக்காமல் போனவர் ஒரு பக்கம். பேனா கீறுகிற சத்தம் சுற்றிலும் கேட்டது. தேர்தல் அலுவலர் கிழவர், “உடம்பு சரியில்லையாம்மா?” என்று தடுப்புக்கு வெளியேயிருந்து கேட்டார். யாருக்குப் போட்டாள் என்று ஹெர்ஷலிடம்கூட அவள் சொல்லவில்லை. ப்ரூபேக்கர் ஜெயித்தார். கொஞ்ச ஓட்டில்தான். யார் ஜெயித்திருந்தாலும் அவளுடைய வழக்கு அந்த நாற்காலிக்கு இனிமேல் போகாது.

அடுத்த சனிக்கிழமை ஆற்றுச் சாலையில் எல்லா வாசலும் காலியாகியிருந்தது. பண்ணை வீட்டில் டெசா ஓடிவந்து கையிலிருந்ததை நீட்டினாள். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் அட்டை. பெயின்ட் கலக்கும் குச்சி ஒன்றில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. ஊதாக் கிரயானால் தன் பெயரை ஏறுமாறாக எழுதி, கீழே ஒரு வீடு வரைந்திருந்தாள்.

“இது சரியான போர்டு பெரியம்மா. இத வாசல்ல வை. புது ஜட்ஜு ரோட்டுல போறப்ப பாத்தா, இது டெசா வீடுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்.”

வீட்டுக்கு வந்து இறங்கியதும் லூரீன் அதைப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் நின்றாள். பெரிய பலகை நின்ற இடத்தில் இரண்டு குழி இன்னும் மூடாமல் இருந்தது. குனிந்தாள், நிமிர்ந்தாள், சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள். வக்கீலைக் கேட்காமல் வைக்கலாமா? சனிக்கிழமை அவருக்குப் போன் செய்யலாமா? கொலம்பஸ்காரியின் வக்கீல் மறுபடி இந்த வழியாக வந்தால்? கடைசியில் அதை உள்ளே கொண்டுபோய், டெசாவின் அறையில் ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டி மண்ணில் குத்தி வைத்தாள். ஜன்னல் திரையை இறக்கி மூடினாள்.

ஹெர்ஷல் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கேலி செய்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் உள்ளே வந்து, பூந்தொட்டியைச் சாலைப் பக்கமாகத் திருப்பி வைத்து, திரைக் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தான். வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. லூரீனின் கை கயிற்றை நோக்கிப் போனது. பாதியில் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது.